மொட்டைமாடி யாருடையது?

வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாதம் முன்னர், சென்னை அடுக்ககம் ஒன்றின் சங்கச் செயலாளருக்கும் மேல்தள உரிமையாளருக்கும் இடையே நிகழ்வதாகக் கொள்ளத்தக்க உரையாடல் பின்வருமாறு அமையும்.

மேல்தளத்தார்: மொட்டைமாடியில் விரிசல் விழுந்து, படுக்கையறைக் கூரையின் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது, பழுதுபார்க்கச் சங்கம் எப்போது முடிவெடுக்கும்?

செயலாளர்: மொட்டைமாடி, மாடிப்படி, லிஃப்ட், நீர்த்தொட்டி ஆகியவை பொதுவிடங்கள், அதாவது எவரும் தனியே பிரித்தெடுக்க முடியாதபடி எல்லா உரிமையாளருக்கும் உரியவை, ஆகவே முடிவெடுக்க வேண்டியது பொதுக்குழு.

மேல்தளத்தார்: அவ்வாறாயின் செலவும் பொதுவே.

செயலாளர்: கோட்பாட்டளவில் ஐயமில்லை, ஆயினும் தரைத்தளத்தார், தம் வீட்டுக்குக் கூரையாக இருப்பது முதல் மாடியே அன்றி மொட்டைமாடி அன்று எனக் கருதுகின்றனர்.

மேல்தளத்தார்: வடாம் உலர்த்தும்போது அப்படிக் கருதுவதில்லையே?

செயலாளர்: அது உரிமை, இது செலவு.

மேல்தளத்தார்: பொதுவிடத்தைப் பயன்படுத்துவதில்லை என்று சொல்லிப் பராமரிப்புப் பங்கிலிருந்து எவரும் விலகலாகாது என்பதன்றோ நெறி?

செயலாளர்: நெறி அதுவே. எனினும் பொதுக்குழு கூடுவதற்குக் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்த அளவு உறுப்பினர் தொகை தேவை; உரிமையாளருள் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்க, இங்கே நனைகின்ற வாடகைதாரருக்கோ வாக்கில்லை.

மேல்தளத்தார்: முகப்புக்கு வண்ணம் பூசும் தீர்மானம் மட்டும் ஒரே மாலையில் நிறைவேறியது எவ்வாறு?

செயலாளர்: வண்ணம் எல்லா வீடுகளின் விலையையும் உயர்த்தும், விரிசலை அடைத்தால் தங்கள் உறக்கம் மட்டுமே மேம்படும்.

மேல்தளத்தார்: வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையைக் கட்டுநர் 30 நாள்களில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கூறுகிறதே?

செயலாளர்: கட்டுநருக்கு எழுத வேண்டிய கடிதத்தில் முதற் கையொப்பம் தலைவருடையதா, செயலாளருடையதா என்று ஆராய்வதிலேயே அந்த 5 ஆண்டுகளும் கழிந்தன.

மேல்தளத்தார்: அப்படியானால் முடிவெடுப்பவர் எவருமில்லை.

செயலாளர்: உண்டு, தீர்மானம் நிறைவேறாதவரை பழுதுபார்ப்பு இல்லையாதலால், கூட்டத்துக்கு வராதோரே முடிவெடுக்கின்றனர். ஆயினும் கவலை வேண்டா. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய அடுக்கக உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தால் கட்டடத்தையே இடித்துப் புதிதாகக் கட்டலாம். கூடுதல் சதுர அடி கிடைக்கும் என்றறிந்ததும், வெளிநாட்டார் ஒப்புதல் அன்றிரவே வந்துசேர்ந்தது. விரிசலை அடைப்பதற்குத்தான் இன்னும் குறைவெண் சேரவில்லை.