உணரா உணவு: நடைப்பயிற்சியால் எடை கூடுவது குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

புது ஷூ வாங்கி, விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, ஒரு மாதம் தவறாமல் பூங்காவைச் சுற்றியவர் எடை பார்க்கும் மெஷினில் ஏறினால், அது முன்னைவிட ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டுவது ஏன்? இவ்வாய்வு எடுத்துக்கொண்ட வினா இதுவே. மெஷின் மேல் பழியைப் போட்டு இவ்வினாவைக் கடந்துவிடுவது நெடுநாள் மரபு. பேட்டரியை மாற்றுதல், பக்கத்து டைல்ஸுக்கு நகர்த்துதல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுதல் முதலிய முறைகள் வழக்கில் உள்ளன. ஆனால் விமானப் பயணத்துக்கு முந்தைய இரவு பெட்டியைத் தூக்கி வைத்தால், அதே மெஷின் காட்டும் எடையை எல்லோரும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு ஊறுகாய் ஜாடியை வெளியே எடுக்கிறார்கள். எனவே மெஷின் நிரபராதி எனக் கொண்டு மேலே செல்வோம்.

2. முன்னோர் கண்டவை

திருக்குறளில் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. அதன் பத்துக் குறளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியவை. உடற்பயிற்சி பற்றி ஒன்றுகூட இல்லை. வள்ளுவர் மறந்துவிட்டார் என்பதற்கில்லை. வம்பு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே பொருத்தமான உரை.

மேலைநாட்டில் இத்துறையின் மூலவர் இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ (1561–1636). தராசில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து உண்டவர் அவர். தன்னையும், உள்ளே போனதையும், வெளியே வந்ததையும் சுமார் 30 ஆண்டு நிறுத்துப் பார்த்து 1614இல் நூல் வெளியிட்டார். ஒரு நாளில் 8 பவுண்டு உண்டு குடித்தால் அதில் 5 பவுண்டு கண்ணுக்குத் தெரியாமலே உடலிலிருந்து வெளியேறிவிடுகிறது என்பது அவர் முடிபு. இதுவே ‘உணரா வியர்வை’. தெரியாமல் வெளியே போவதைக் கண்டறிந்த அவர், தெரியாமல் உள்ளே வருவதை ஆராயவில்லை. தராசில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு அது நேர வாய்ப்புமில்லை.

1956இல் ழான் மேயர் குழுவினர் வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றை ஆராய்ந்தனர். அங்கே உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள், மிதமாக உழைத்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். ஆக, ஆளை எழுப்பி நடக்கவிட்டால் பசி அடங்கும் என்று நம்ப இடமிருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் திமதி சர்ச் குழுவினர் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்தனர். அவர்கள் ஆய்வில் மிக அதிகமாகப் பயிற்சி செய்த பெண்களுக்கு, கணக்குப்படி குறைந்திருக்க வேண்டிய அளவுக்கு எடை குறையவில்லை. செலவானதை எங்கேயோ ஈடுகட்டிக்கொண்டார்கள். எங்கே என்பதை அறிய மயிலாப்பூருக்குப் போக வேண்டும்.

3. களமும் மாதிரியும்

களம்: லஸ் சர்ச் சாலை, நாகேஸ்வர ராவ் பூங்கா. 1893இல் அமிர்தாஞ்சனைத் தோற்றுவித்தவரின் பெயரால் அமைந்தது. புதிதாக நடக்க வந்தவர்கள் இரண்டாம் நாள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவதைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும். மாதிரியின் அளவு: ஓட்டலில் ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடியவர்கள். முறை: பங்கேற்று உற்றுநோக்கல். முதன்மைத் தரவுகள் சூடு ஆறுவதற்குள் திரட்டப்பட்டன.

4. முதற் கருதுகோள்: தண்ணீர்

பழக்கமில்லாத தசை திடீரென்று வேலை செய்தால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். பழுதுபார்க்க அங்கே நீர் கோக்கும். மேலும், பயிற்சிக்குப் பழகும் தசை அடுத்த நாள் வேலைக்காகக் கிளைக்கோஜனைச் சேமிக்கத் தொடங்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரையும் தன்னோடு வைத்துக்கொள்ளும். 200 கிராம் கூடுதலாகச் சேர்ந்தால் 600 கிராம் தண்ணீரோடு மொத்தம் 800 கிராம். எனவே முதல் இரண்டு மூன்று வாரத்து எடையில் குற்றமில்லை. இக்கருதுகோளின் ஒரே குறை, ஆறாவது மாதத்திலும் இதையே சொல்கிறார்கள் என்பது.

5. இரண்டாம் கருதுகோள்: தசை

“கொழுப்பெல்லாம் தசையா மாறுது சார். தசைதான் வெயிட்டு.” இது மாதிரியினரின் ஒருமித்த கருத்து. கொழுப்பு தசையாக மாறாது. இரண்டும் வேறுவேறு திசுக்கள். தசை அடர்த்தி கூடியது என்பது உண்மைதான். ஆனால் அரசியல் பேசிக்கொண்டே பூங்காவைச் சுற்றுவதால் ஒரு மாதத்தில் கிலோக்கணக்கில் தசை வளர்வதில்லை. மேலும், வளர்ந்த இடம் பெல்ட்டில் புது ஓட்டை போடும் இடமாக இருப்பதால் இக்கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது.

6. மூன்றாம் கருதுகோள்: உணரா உணவு

உண்டவருக்கே தெரியாமல் உள்ளே போவது உணரா உணவு. அது நான்கு வகைப்படும்.

முதலாவது, கூலி உணவு. நடந்ததற்குக் கூலியாகத் தனக்குத் தானே வழங்கிக்கொள்வது. நெய்ப் பொங்கல், வடை, காபி இதில் அடங்கும். இது சிற்றுண்டிக் கணக்கில் வராது. வீட்டில் காத்திருக்கும் இட்லியே சிற்றுண்டி.

இரண்டாவது, கருணை உணவு. “பாவம், அஞ்சு மணிக்கே எழுந்து போயிட்டு வர்றார், இன்னொரு தோசை போடட்டுமா?” என்று பிறர் தருவது. மறுத்தால் மனம் நோகும்.

மூன்றாவது, மருந்துணவு. பூங்கா வாசலில் விற்கும் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சூப், அதற்குத் துணையாக வெல்லம் போட்ட கடலை உருண்டை. உடம்புக்கு நல்லது எதுவும் எடை போடாது என்பது இதன் அடிப்படைக் கோட்பாடு.

நான்காவது, மிச்ச உணவு. பேரன் தட்டில் விட்ட அரைத் தோசை. வீணாக்கக் கூடாது என்ற அறத்தின் பாற்பட்டதால் இதற்குக் கலோரி கிடையாது.

இனிக் கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால் சுமார் 240 கலோரி செலவாகும். அதில் ஏறக்குறைய 70, சோபாவில் சாய்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆக நடையின் நிகர வருமானம் 170. ஒரு மேசைக்கரண்டி நெய் சுமார் 120 கலோரி. பொங்கலில் இரண்டு கரண்டி நெய் விட்டிருந்தால் நடை முழுவதும் நெய்க்கே தீர்ந்தது. அதற்கே 70 பற்றாக்குறை. அரிசி, பருப்பு, முந்திரி, வடை, காபியில் போட்ட சர்க்கரை அனைத்தும் கடன்.

இக்கடன் கண்ணில் படாததற்குக் காரணம் அளவையில் உள்ளது. நடையை மேல்நோக்கியும் உணவைக் கீழ்நோக்கியும் முழுமையாக்குகிறோம். மூன்றரைச் சுற்று நான்காகிறது. இரண்டு வடை ‘ஏதோ ஒரு வடை’ ஆகிறது. செல்போனில் பேசிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்ற கால் மணி நேரம் நடைக் கணக்கில் ஏறுகிறது; அப்போது கொறித்த சுண்டல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதனோடு உணரா ஓய்வும் சேரும். காலையில் நடந்தவர் முதல் மாடிக்கு லிப்டில் போகிறார், தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டரை எடுக்கிறார், மதியம் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்குகிறார். கேட்டால், “அதான் காலையிலேயே நடந்தாச்சே!”

7. முடிவும் பரிந்துரையும்

நடை குற்றமற்றது. சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், மனசு என்று அதற்கென்று ஒப்படைத்த வேலைகளை அது ஒழுங்காகச் செய்கிறது. எடையைக் கூட்டுவது நடை அல்ல. நடந்துவிட்டோம் என்ற நினைப்பு. நடை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, நினைப்பு இரவுச் சாப்பாடு வரை நீடிக்கிறது.

ஆகவே, நடை முடிந்ததும் நேராக வீட்டுக்குச் செல்வது என்ற ஒரே பரிந்துரையை இவ்வாய்வு முன்வைக்கிறது. மாதிரியினர் கூடியிருந்த மேசையில் இது வாசிக்கப்பட்டது. ஆழமான யோசனை என்று அனைவரும் பாராட்டினர். முதலில் காபி வரட்டும், பிறகு விவாதிக்கலாம் என்று ஒருமனதாக ஒத்திவைத்தனர்.