எங்கள் கட்டணம் சௌக்கியமா?

மாட்சிமை பொருந்திய இசைக் கல்லூரியின் சேர்க்கைக் குழுவினருக்கு,

சென்னை மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வயலின்காரியின் தகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம். அவ்விடம் நாங்கள் அனுப்பிவைத்த விண்ணப்பக் கட்டணத்தின் நலமறிய ஆவல்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் விண்ணப்பித்தோம்: என் மகளும், எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாயும். ரூபாய்க்கு அன்றைக்கே இடம் கொடுத்துவிட்டீர்கள். மகளுக்குத்தான் இல்லையாம். கட்டணம் வீட்டைவிட்டு வெளியூர் போனதில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா?

‘இந்த ஆண்டு விண்ணப்பங்களின் தரம் அசாதாரணமாக உயர்ந்திருந்தது’ என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஆண்டில்தான் தாழ்ந்திருந்தது? அது கிடக்கட்டும். வெட்டாமல், ஒட்டாமல், கேமரா அசையாமல் ஒளிப்பதிவு வேண்டும் என்றீர்கள். 24 நிமிடம். பழைய இரும்பு, ஈயம், பித்தளை வாங்குகிறவரின் ஒலிபெருக்கி நுழைந்ததால் 11 தடவை முதலிலிருந்து வாசித்தாள். உங்களுக்கு மட்டும் சுட்டி கொடுத்து யூடியூபில் ஏற்றினோம். யூடியூப் ஒரு கோள்சொல்லி என்பது தங்களுக்குத் தெரியாதுபோலும். பார்த்தவர்: 1. பார்த்த நேரம்: 41 விநாடி.

முதல் உருப்படி மோட்ஸார்ட்டின் ஐந்தாவது வயலின் கான்செர்ட்டோ. அதில் ஆர்கெஸ்ட்ராவின் முன்னுரை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். அதுவரை வயலின்காரர் சும்மா நிற்பார். அதாவது 41ஆவது விநாடியில் என் மகள் வில்லைக் கம்பியில் வைக்கவே இல்லை. தாங்கள் கேட்டது, ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாகப் பியானோ வாசித்த எதிர்வீட்டு அக்காவை.

அந்த முன்னுரையை வெட்டிவிட்டு, வயலின் நுழைவதற்குச் சற்று முன்னால் தொடங்குவதுதான் வழக்கமாம். பிறகுதான் கேள்விப்பட்டோம். தங்கள் விதிமுறைகளில் அது இல்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் யாரென்று கண்டுபிடிக்கத்தானே தேர்வு! எங்கள் கட்டணத்தைப் பாருங்கள், முன்னுரையே இல்லாமல் நேராக உள்ளே நுழைந்தது.

தங்கள் குலப்பெருமையை நான் அறியாதவன் அல்ல. 1823இல் பாரிஸ் இசைக் கல்லூரி, 12 வயதுப் பியானோக்காரன் லிஸ்டை அயல்நாட்டான் என்று திருப்பி அனுப்பியது. அனுப்பிய தலைவர் கெருபினி இத்தாலிக்காரர். 1832இல் மிலான் கல்லூரி இசையமைப்பாளர் வெர்டியைச் சேர்க்கவில்லை: வயது 18 ஆகிவிட்டது, வேற்றூர்க்காரர், பியானோவில் கை வைக்கும் முறை சரியில்லை. இன்று அந்தக் கல்லூரியின் பெயரே ஜுசெப்பே வெர்டி. உள்ளே விடாதவரின் பெயரை வாசலில் எழுதிவைக்கும் பெருந்தன்மை வேறு எந்தத் தொழிலில் உண்டு?

1951இல் பாடகி நீனா சிமோனுக்கு ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் கல்லூரியில் இடமில்லை. அவர் படிக்க ஊரே நிதி திரட்டியிருந்தது. கறுப்பினப் பெண் என்பதால்தான் மறுத்தார்கள் என்று கடைசிவரை நம்பினார். 2003இல் அவர் சாவதற்குச் சில நாள் முன்பு அதே கல்லூரி கௌரவப் பட்டம் கொடுத்தது. சேர்க்கைக் குழு முடிவெடுக்க 52 வருடம் பிடித்திருக்கிறது. எங்களுக்கு 41 விநாடியிலேயே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

இடம் கொஞ்சம், வருகிறவர் ஆயிரக்கணக்கில். அது எனக்கும் புரிகிறது. கல்விக் கட்டணமே வாங்காத கர்ட்டிஸில் நூறு பேரில் நாலைந்து பேருக்குத்தான் இடம். எல்லாரையும் சேருங்கள் என்று யார் கேட்டது? ஆனால் தங்கள் பேராசிரியரிடமே முன்கூட்டிக் காசு கட்டித் தனி வகுப்பு எடுத்துக்கொள்ளலாம், கோடை முகாமில் அவர் கண்ணில் படலாம், பிறகு அவர் முன்னாலேயே தேர்வு வாசிக்கலாம் என்கிறார்கள். இதுவும் புதிதல்ல: 1905இல் இசையமைப்பாளர்களுக்கான ரோம் பரிசுப் போட்டியின் முதல் சுற்றிலேயே ராவெலை வெளியேற்றினார்கள். இறுதிக்கு வந்த அத்தனை பேரும் நடுவராக உட்கார்ந்திருந்த லெனெப்வ்யூவின் மாணவர்கள். பாரிஸ் பத்திரிகைகள் போட்ட கூச்சலுக்குப் பின் பாரிஸ் இசைக் கல்லூரியின் தலைமை இசையமைப்பாளர் ஃபோரேயின் கைக்குப் போனது. இப்போது யாரும் கூச்சல் போடுவதில்லை. ‘தொடர்புகளை வளர்த்துக்கொள்வது’ என்று அதற்கு நல்ல பெயர் வைத்துவிட்டீர்கள்.

ஏழு வருடம், ஐயா. காலை நாலரைக்கு எழுந்து, புழுக்கத்தில் இறுகிப்போன பிரடையோடு மல்லுக்கட்டி, அறுந்த கம்பிக்கு மாற்றுக் கம்பி வரும்வரை மூன்று கம்பியில் வாசித்த பிள்ளை. அவள் மோசமாக வாசித்தாள் என்று சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். நீங்கள் கேட்கவே இல்லை. காசை வாங்கிக்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டு, அதற்குத் தகுதி என்று பெயர் சூட்டுகிறீர்கள். நீங்கள் அளந்தது அவள் திறமையை அல்ல. உங்கள் வாசலுக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் உள்ள தூரத்தை.

மன்னிக்கவும். சுருதி சற்று ஏறிவிட்டது.

தங்கள் சமூகத்துக்கு ஒரு சிறு விண்ணப்பம் (இதற்கும் கட்டணம் உண்டென்றால் சொல்லுங்கள், அண்ணனுக்குத் துணையாகத் தம்பியையும் அனுப்பிவைக்கிறேன்). ஆர்கெஸ்ட்ராக்களில் ஆள் எடுக்கும்போது நடுவருக்கும் வாசிப்பவருக்கும் இடையே திரை கட்டுகிறார்கள். செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் கம்பளம் விரிப்பதுண்டு. தாங்களும் ஒரு திரை கட்டலாம். தன் மாணவர் வாசிக்கும்போது ஆசிரியர் எழுந்து வெளியே போய் ஒரு காபி குடிக்கலாம். வெட்ட வேண்டியது எது என்று விதிமுறையில் ஒரு வரி சேர்க்கலாம். ஒன்றும் முடியாவிட்டால், வயலின் ஒலிக்கும்வரையாவது காத்திருக்கலாம்.

கட்டணத்தை அன்பாகப் பார்த்துக்கொள்ளவும். பட்டமளிப்பு விழாவுக்கு எங்களையும் அழைக்கவும்.

இங்ஙனம்,
தங்கள் கட்டணத்தின் தகப்பன்

பி.கு.: எதிர்வீட்டு அக்காவுக்கு 52 வயது. விண்ணப்பிக்காமலே நிராகரிக்கப்பட்டதில் மனமுடைந்திருக்கிறார். அவருக்கும் ஒரு வருத்தக் கடிதம் அனுப்பினால் நல்லது. தாங்கள் கேட்டது அவரை மட்டும்தானே.