குதிரைக்குக் கொள்ளு

கேள்வி: என்னுடையது 2015 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ. பெரிய சைலன்ஸர், ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டர், ஈசியூ ரீமேப் என்று செலவழித்தால் வண்டி பறக்குமா? எதில் ஆரம்பிக்கலாம்?
- பெயர் வேண்டாம் (அப்பா இதைப் படிப்பார்), கோவை

பதில்: டயரில் ஆரம்பியுங்கள். அடுத்தது பிரேக் பேட். பறக்கிற வண்டி எங்காவது இறங்கியாக வேண்டுமே!

சைலன்ஸர் கூட்டுவது பெரும்பாலும் சத்தத்தை. குதிரை அதே குதிரைதான், கனைப்பு மட்டும் பலமாகிவிடும். ஏர் ஃபில்டரும் தனியாக எதையும் சாதிக்காது. டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கலாம் என்று முடிவு செய்வது ஈசியூ. ஆகவே மூன்றில் உருப்படியானது ரீமேப்தான். டர்போ அழுத்தத்தையும் பெட்ரோலையும் கூட்டுகிறார்கள், டார்க் எகிறுகிறது. வண்டி வரும்போது 105 குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர். உங்கள் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியோ 250 வரை தாங்கத்தான் வடிவமைக்கப்பட்டது. ரீமேப்காரர் அதை நெருங்கும் எண்ணைச் சொன்னால் கிளட்ச் விலையையும் அவரிடமே கேளுங்கள். முகம் மாறும்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் உங்கள் எஞ்சினை உங்களைவிட ஆர்வமாகப் பார்ப்பார்.

வேகம்தான் வேண்டுமென்றால் உள்ளூரிலேயே, செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. டிராக் டே எப்போது என்று விசாரியுங்கள். அப்பாவையும் கூட்டிப்போங்கள்.