சிசிடிவி சார்

எந்தக் காலனியிலும் ஒரு சிசிடிவி சார் இருப்பார். யாரையும் லேசில் நம்பாதவர். கேஸ் சிலிண்டரை எடை போடாமல் உள்ளே விடமாட்டார். பேங்கிலிருந்து எடுத்து வந்த பணத்தை மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எண்ணுவார். கையில் மூன்று பெட்டியோடு ஆட்டோ ஏறும்போது "ஊருக்கா சார்?" என்று கேட்டால், "சும்மா, கடைத்தெரு வரைக்கும்" என்பார்.

இவர் வீட்டில் ஆறு கேமரா. வாசல், மாடிப்படி, ஹால், சமையலறை, கொல்லை; ஆறாவது, மற்ற ஐந்தையும் எவனாவது கழற்றுகிறானா என்று பார்க்க. பதிவெல்லாம் கிளவுடுக்குப் போகிறது. அது எங்கே என்று கேட்டால் அண்ணாந்து பார்த்து, "மேல பத்திரமா இருக்கு" என்பார். பாஸ்வேர்டு, பேரன் பெயரும் 123-ம். வைத்துக் கொடுத்தது கேமரா மாட்ட வந்த பையன். அவன் போனிலும் அந்த ஆப் இன்னும் இருக்கிறது.

சார் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடி, "தாளிப்பு கருகுது பார்" என்று போனில் சொன்னால், இங்கே சமையலறைச் சுவர் பேசும். அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் அல்ல. பிரிட்ஜுக்குப் பக்கத்து மூலை எந்தக் கேமராவுக்கும் எட்டாது என்று கண்டுபிடித்துவிட்டார். சீட்டுப் பணம், பிறந்த வீட்டுப் பேச்சு எல்லாம் அங்கேதான்.

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் ஒருநாள் எடுத்துச் சொன்னாள். ரிங் கேமரா கம்பெனி ஊழியர்களே வாடிக்கையாளர்களின் படுக்கையறைக் காட்சிகளைப் பார்த்தார்கள் என்று குற்றம்சாட்டி, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் 58 லட்சம் டாலர் கட்டவைத்ததாம்.

"அது அமெரிக்காம்மா."

2024-ல் வைஸ் கேமரா வைத்திருந்த சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படங்கள் வந்து நின்றனவாம்.

"அதுவும் அமெரிக்காதானே?"

2025-ல் ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனைக் கேமராக் காட்சிகள் இணையத்தில் விலைக்கே வந்துவிட்டனவே, அங்கிள்?

"அது ஆஸ்பத்திரி. நம்ம வீட்டுல அப்படி என்ன கொட்டிக்கிடக்கு? எவன் மெனக்கெட்டுப் பார்க்கப்போறான்?"

"ஒண்ணுமில்லாத வீட்டுக்கு எதுக்கு ஆறு கேமரா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

சார் சட்டென்று போனை எடுத்துச் சமையலறையைப் பார்த்தார். திரையில் யாருமே இல்லை.