சாயம் போன பச்சைக்கிளி

ஆம்பூர்த் தெருவில் விற்ற பச்சைச் சாயக் கோழிக்குஞ்சு ஒன்றை மகள் வாங்கி வந்தாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். அவை வெளிநாட்டு வம்சம், கூண்டில் வைக்கலாம். நம்மூர்ப் பச்சைக்கிளியை வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கதவைத் தட்டும். வெளிநாட்டவருக்குக் கூண்டு, உள்ளூர்க்காரருக்குச் சுதந்திரம். அபூர்வமான சட்டம்!

முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும், குண்டு பல்பு மாட்டுங்கள் என்பார்கள். எங்கள் ஊர் மே மாதத்தில் மின்விசிறிதான் போட வேண்டியிருந்தது. மேலே கூண்டிலிருந்து சிந்திய தினையைப் பொறுக்கித் தின்றே குஞ்சு வளர்ந்தது. சில வாரங்களில் பச்சை உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்தது.

"தோலுக்கு ஏத்துற சாயம் சீமை வரைக்கும் நிக்குது, இது ஒரு மாசம் நிக்கலியே!" என்றார் தோல் ஷாப்பில் வேலை பார்த்த மாமா.

பிறகு அது கூவியது. சேவல்! முட்டைப் பண்ணைக்கு ஆண் குஞ்சு வேண்டாம். அதனால்தான் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகிறது. இப்போது விடிகாலை நாலு மணிக்கே வீடு முழுக்க விழித்துக்கொள்கிறது, லவ் பேர்ட்ஸ் உட்பட.

"பிரியாணி எப்போ?" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாய். மகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள், பாய். பெயர் வைத்த கோழிக்கு ஆம்பூரிலும் சீரகச் சம்பா வேகாது.