திருமங்கலத்துக்குத் தெரியாத ஃபார்முலா

திருமங்கலம் என்று சொன்னவுடனே வெளியூர்க்காரர் முகத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும். "ஃபார்முலாதானே?" என்பார். 2009 ஜனவரியில் நடந்த ஓர் இடைத்தேர்தலில் ஓட்டுக்குக் கவரில் பணம் கொடுத்ததாக எழுந்த பேச்சு எங்கள் ஊருக்குச் சம்பாதித்துக் கொடுத்த பட்டம் அது. அதுவரைக்கும் மீனாட்சியம்மனுக்குத் திருமாங்கல்யம் செய்துகொடுத்த ஊர் என்று பீற்றிக்கொண்டிருந்தோம். இப்போது அந்தக் கதையை ஆரம்பித்தாலே, "தாலியையும் கவர்ல வச்சுத்தான் குடுத்தீங்களா?" என்று கேட்கிறார்கள்.

போகட்டும். உலகத்தில் வேறொரு ஃபார்முலா இருக்கிறது. அதற்காகவும் ஆட்கள் ராத்தூக்கம் கெட்டார்கள், கூடிக் கூடிப் பேசினார்கள், கட்டுக்கட்டாகக் கணக்கு எழுதினார்கள். ஒரே வித்தியாசம், பெரும்பாலானவர்கள் கைக்குப் பத்துப் பைசா வரவில்லை. ஆறு கலர் க்யூபை அரை விநாடி சீக்கிரம் சேர்க்கும் ஃபார்முலாவைத்தான் சொல்கிறேன். அதன் வரலாற்றை மரியாதையாகச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்கிற விதத்தில் நான் சொல்கிறேன்.

1974. புடாபெஸ்டில் எர்னோ ரூபிக் என்று ஒரு வாத்தியார். வடிவமைப்பு சொல்லிக்கொடுப்பவர். துண்டு துண்டாகத் திரும்பவேண்டும், ஆனால் மொத்தமும் சிதறிவிடக் கூடாது, அப்படியொரு கட்டையைச் செய்ய முடியுமா என்று பார்த்தார். செய்துவிட்டார். பக்கத்துக்கு ஒரு கலர் கொடுத்தார். நாலு திருகு திருகினார். அத்தோடு சரி. பழையபடி கொண்டுவர அந்த மனுஷனுக்கு ஏறக்குறைய ஒரு மாசம் பிடித்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று சரித்திரத்தில் கிடையாது. அந்தக் கட்டை மொத்தம் 43,252,003,274,489,856,000 விதமாக நிற்கும். அதில் ஒன்றே ஒன்றுதான் சரியான நிலை. மீதி எல்லாம் வீட்டில் சண்டை.

1978-ல் ஹெல்சிங்கியில் உலகக் கணிதவியலாளர் மாநாடு. ஹங்கேரிக்காரர்கள் கட்டையைக் கொண்டுவந்திருந்தார்கள். லண்டன் பேராசிரியர் டேவிட் சிங்மாஸ்டரை அங்கே பிடித்த பிசாசு கடைசிவரை விடவில்லை. 1979-ல் ஒரு சின்ன வெளியீடு போட்டார். அது ஊதி ஊதிப் புத்தகமானது. புத்தகமும் எழுதினார், கட்டையும் விற்றார். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு: ஆறு பக்கத்துக்கும் ஆறு எழுத்து வைத்தார். அதற்குமுன் ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவருக்குச் சொல்லவேண்டுமென்றால் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டவேண்டும். எழுத்து வந்தபிறகு ஒரு தபால் கார்டு போதும். ஃபார்முலா ஊர் விட்டு ஊர் போகத் தொடங்கியது அங்கேதான்.

அந்தக் காலத்துத் தியாகிகளில் ஒருவரையாவது நினைவுகூர வேண்டும். கேத்லீன் ஆலரன்ஷா. கணிதமேதை, மான்செஸ்டர் நகரத்து மேயராக இருந்தவர். 1980 வாக்கில், வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தக் கட்டைக்குத் தீர்வு கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினார். திருப்பித் திருப்பிக் கட்டைவிரல் பழுதாகி, அறுவை சிகிச்சை செய்யவேண்டியதாகிவிட்டது. எங்கள் பக்கத்து மேயர்கள் யாரும் விளையாடி விரலை இழந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

கட்டை நம் பக்கம் வந்தபோது நாமும் சும்மா இல்லை. சுதேசி முறை இரண்டு இருந்தன. ஒன்று, ஸ்டிக்கரை உரித்து ஒட்டுவது. வாழ்நாளில் இரண்டு தடவைக்குமேல் செய்தால் பசை போய்விடும், பக்கத்து வீட்டுப் பையனும் கண்டுபிடித்துவிடுவான். இரண்டாவது, அப்பாக்களின் முறை. திருப்புளியை உள்ளே விட்டு நெம்பி, துண்டு துண்டாகக் கழற்றி, மனம்போன போக்கில் மறுபடி மாட்டிக் கொடுத்துவிடுவது. "இந்தா, இப்ப நீயே சேத்துக்க." இதில் ஒரு பயங்கரம் ஒளிந்திருக்கிறது. கழற்றி இஷ்டத்துக்கு மாட்டினால், அந்தக் கட்டை சேரக்கூடிய நிலையில் இருப்பதற்கு 12-ல் ஒரு வாய்ப்புதான். மற்ற பதினொரு வீட்டிலும் பிள்ளைகள் மாசக்கணக்கில் திருகிவிட்டு, கணக்கே நமக்கு வராது என்ற முடிவுக்கு வந்தார்கள். பழி அல்ஜீப்ரா வாத்தியார் தலையில் விழுந்தது. குற்றவாளி திருப்புளியோடு ஈஸி சேரில் சாய்ந்திருந்தார்.

சரி, ஃபார்முலா என்றால் என்ன? அக்கா மகன் சோபாவில் உட்கார்ந்து எனக்குக் காட்டியது இது. "மாமா, ரைட் சைடை மேல தூக்குங்க. மேல்தட்டை இடது பக்கம் தள்ளுங்க. ரைட்டைக் கீழ இறக்குங்க. மேல்தட்டை வலது பக்கம் தள்ளுங்க. இவ்ளோதான்." நாலே அசைவு. இதையே ஆறு தடவை செய்தால், நடுவில் எல்லாம் கலைந்து வயிற்றைக் கலக்கி, ஆறாவது தடவை முடியும்போது கட்டை பத்திரமாக ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும். "இதுக்கு என்னப்பா பேரு?" என்று அவனுடைய அப்பத்தா கேட்டுத் தொலைத்தார். பையன் கொஞ்சமும் கூசாமல், "செக்ஸி மூவ், அப்பத்தா" என்றான். உலகம் பூராவும் க்யூப் பிள்ளைகள் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ரைட்டைத் தூக்கு, மேல்தட்டைத் தள்ளு என்று வெறும் இரண்டு அசைவை மட்டும் மாற்றி மாற்றிச் செய்தால் பழைய நிலைக்கு வர 105 சுற்று ஆகும். இன்னும் மூன்று கூடி 108 ஆகியிருந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதற்குள் ஒரு சந்நிதியே கட்டியிருப்பார்கள்.

1981-ல் பைத்தியம் முற்றியது. பேட்ரிக் போஸர்ட் என்ற இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவன் எழுதிய வழிகாட்டி 15 லட்சம் பிரதி விற்றது. ஜேம்ஸ் நோர்ஸ் என்ற அமெரிக்க வேதியியல்காரரின் புத்தகம் 60 லட்சத்தைத் தாண்டியது. மறு வருஷம் ஜூன் 5-ந் தேதி புடாபெஸ்டில் முதல் உலகப்போட்டி. 19 பேர். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த வியட்நாமியப் பையன் மின் தாய் 22.95 விநாடியில் முடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். அத்தோடு உலகம் கடையைச் சாத்தியது. கட்டைகள் பரணுக்குப் போயின. அடுத்த உலகப்போட்டிக்கு 21 வருஷம் ஆனது. ஒரு கிறுக்குக்கு அத்தனை நீண்ட அக்ஞாதவாசம் பாண்டவர்களுக்கே விதிக்கப்படவில்லை.

ஆனால் ஒரு கூட்டம் மட்டும் கட்டையைக் கீழே வைக்கவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெசிகா ஃபிரிட்ரிச். பதின்வயதில் 'குவாந்த்' என்ற சோவியத் அறிவியல் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர். புடாபெஸ்ட் போட்டியிலும் இருந்தார். அவருடைய பெயரில் பிரபலமான முறை இது: அடியில் ஒரு சிலுவை, பிறகு மூலையையும் ஓரத்தையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து இரண்டு தளம், கடைசித் தளத்துக்கு இரண்டே ஃபார்முலா. முதல் ஃபார்முலா எல்லாத் துண்டையும் நிறம் மேலே தெரியும்படி திருப்பிவிடும். அதற்கு 57 வகை. இரண்டாவது இடம் மாற்றி உட்காரவைக்கும். அதற்கு 21 வகை. ஆக 78 ஃபார்முலா மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் சொல்லவேண்டும்.

பெயர் ஃபிரிட்ரிச்சுடையது. உழைப்பு அவருடையது மட்டுமா? ஜோடி சேர்க்கும் யோசனையில் நெதர்லாந்தின் ரெனே ஸ்கோஃபுக்குப் பங்குண்டு. கடைசித் தளத்தை இரண்டாகப் பிரிக்கும் யோசனையில் அதே நாட்டு ஹான்ஸ் டோக்ஹார்ன், அனெக்கே ட்ரீப் ஆகியோருக்குப் பங்குண்டு. செக் நாட்டு நண்பர் மிரெக் கோல்யான் போன்றவர்கள் ஃபார்முலாக்களைக் கூட்டிக் கழித்துச் சீர்செய்தார்கள். ஃபிரிட்ரிச் 90-களின் பின்பகுதியில் மொத்தப் பட்டியலையும் இணையத்தில் போட்டார். காசு கேட்கவில்லை. யார் போட்டார்களோ அவர்கள் பெயர் நின்றுவிட்டது. பிற்பாடு நியாயம் பார்த்த சிலர் அவர் பெயரை எடுத்துவிட்டு 'சி.எஃப்.ஓ.பி.' என்று மொட்டையாக எழுத்து வைத்தார்கள். ரேஷன் கடைப் படிவத்தின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. இப்போது அவர் அமெரிக்காவில், பிங்ஹாம்டனில் பேராசிரியர். ஒரு படம் எந்தக் கேமராவில் எடுத்தது என்பதைப் படத்தை வைத்தே கண்டுபிடிக்கும் துறையில் பெரிய கை. தன் ஃபார்முலாவை யார் யார் சுட்டார்கள் என்று கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் தேடியதாகத் தெரியவில்லை.

இந்த நியாயம் எங்கள் தாலுகாக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பக்கத்தில் வடக்கம்பட்டி இருக்கிறதே. அந்த ஊர்க்காரர் ஒருவர் 1937-ல் காரைக்குடியில் குலசாமி பேரில் ஒரு அசைவ ஓட்டல் திறந்தார். அவர் கடையில் வேலை பழகினவர் வேறோர் ஊரில் திறந்தார், அவரிடம் பழகினவர் இன்னோர் ஊரில். எல்லாக் கடைக்கும் ஒரே பெயர், முனியாண்டி விலாஸ். ராயல்டி கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது, மசாலாவுக்குக் காப்புரிமை கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து கிடா வெட்டி, சாமிக்குப் படைத்து, பிரியாணியைப் பிரசாதமாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். க்யூப் கூட்டமும் இதே ரகம்தான். பிரியாணி மட்டும் இல்லை.

2003 ஆகஸ்டில் டொராண்டோவில் கூட்டம் மறுபடி கூடியது. டான் நைட்ஸ் சராசரி 20 விநாடியில் ஜெயித்தார். 2004-ல் நெதர்லாந்தின் ரான் வான் ப்ருகெமும் அமெரிக்காவின் டைசன் மாவோவும் உலக க்யூப் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன்பிறகு ஃபார்முலாத் தொழில் சூடுபிடித்தது. ஸ்வீடனின் லார்ஸ் பெட்ருஸ் இதற்கு முன்பே தன் ஃபார்முலா ஒன்றுக்கு 'சூனே' என்று ஒரு ஸ்வீடிஷ் ஆம்பளைப் பெயரை வைத்தார். முருகேசன் என்று வைத்த மாதிரிதான். திருமங்கலத்தில் வளரும் பிள்ளைகூட இன்று "சூனே போடு, ஆன்டி சூனே போடு" என்கிறது.

பேராசை யாரை விட்டது? போலந்தின் ஸ்பிக்னியெவ் ஸ்போரோவ்ஸ்கியும் நம்முடைய வான் ப்ருகெமும், கடைசித் தளத்துக்கு எதற்கு இரண்டு ஃபார்முலா, ஒன்றே போதாதா என்று கிளம்பினார்கள். போதும், தாராளமாகப் போதும். அதற்கு 493 ஃபார்முலா மனப்பாடம் செய்யவேண்டும், அவ்வளவுதான். அதுவும் முந்தின கட்டத்திலேயே ஓரத்துண்டுகளைச் சரிசெய்து வைத்திருந்தால். ஊர் மிரண்டது. உடனே பெல்ஜியத்தின் லார்ஸ் வான்டன்பெர்கும் இங்கிலாந்தின் டேன் ஹாரிஸும் ஏழை எளியவர்களுக்காக ஒரு சிக்கனப் பதிப்பைத் தயாரித்தார்கள். யாரும் யார்மேலும் கேஸ் போடவில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஓர் எழுத்து எடுத்து முறைக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நம்மூரில் ஜவுளிக்கடைக்கு வைக்கிற வழக்கம்தான்.

நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஹெர்பெர்ட் கோசியெம்பா என்று ஒரு கணக்கு வாத்தியார். எந்த நிலையையும் ஏறக்குறைய மிகக் குறைந்த அசைவில் சேர்க்கும் வழியை 1992-ல் வெளியிட்டார். அதைக் கொண்டு எழுதிய மென்பொருளையும் இலவசமாகக் கொடுத்தார். இனி மனுஷன் எதற்கு என்று நினைத்தால், அங்கேதான் வேடிக்கை. கம்ப்யூட்டருக்கு விரல் கிடையாது. பின்பக்கத்தைத் திருப்பு, அடித்தட்டைத் திருப்பு, மறுபடி பின்பக்கம் என்று அது பாட்டுக்குப் பத்து அசைவில் முடித்துவிடும். அதைச் செய்ய நமக்கு மணிக்கட்டு மூன்று வேண்டும். அதனால் க்யூப் கிறுக்கர்கள் அது கக்கிய ஆயிரக்கணக்கான வரிகளை உட்கார்ந்து பொறுக்கினார்கள். இது நீளம், ஆனால் ஆள்காட்டி விரலால் சுண்டலாம். இது குட்டை, ஆனால் பிடி மாறும், வேண்டாம். ஒருவர் பொறுக்கியதை இன்னொருவர் திருகிப் பார்த்து, "நடுவில் இடிக்குது" என்று திருப்பி அனுப்பினார். பதினான்கு அசைவுள்ள 'டி பெர்ம்' என்ற ஃபார்முலா இப்படித்தான் பிள்ளைகளின் செல்லமானது. ஒரு விநாடிக்குள் விரல் ஓடிவிடும். 2007-ல் பிரான்ஸின் திபோ ஜாக்கினோ 9.86 விநாடியில் பத்தின் கோட்டையை உடைத்தார். 2023-ல் அமெரிக்காவின் மேக்ஸ் பார்க் 3.13-க்கு இறக்கினார். இந்தப் பத்தியைப் படிக்கிற நேரத்தில் அவர் ஒரு பை நிறையச் சேர்த்துவிடுவார்.

இதற்குப் பக்கவாட்டில் ஒரு பேரம் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு மோசமாகக் கலைத்தாலும் அதிகபட்சம் எத்தனை அசைவில் சேர்க்கலாம்? கடவுளே வந்து சேர்த்தால் ஆகிற எண்ணிக்கை என்று சாமியையும் இழுத்துவிட்டார்கள். 1981-ல் திஸ்ல்த்வெயிட் என்றொரு கணிதவியலாளர் 52 என்றார். 1995-ல் மைக்கேல் ரீட் 29 என்றார். ஒரு குறிப்பிட்ட நிலைக்கு 20-க்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது என்றும் அவரே நிரூபித்தார். அந்த நிலையில் எல்லாத் துண்டும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும், பன்னிரண்டு ஓரத்துண்டுகள் மட்டும் நின்ற இடத்திலேயே புரண்டிருக்கும். மீதி 29-க்கும் 20-க்கும் நடுவில்தான் இழுபறி. 2007-ல் 26. 2008-ல் டாம் ரோக்கிக்கி என்ற கணினி நிரலர், ஹாலிவுட் கிராஃபிக்ஸ் கம்பெனி ஒன்றில் சும்மா கிடந்த இயந்திரங்களை இரவல் வாங்கி 22-க்கு இறக்கினார். 2010 ஜூலையில் ரோக்கிக்கி, கோசியெம்பா, கணிதப் பேராசிரியர் மார்லி டேவிட்சன், கூகுள் பொறியாளர் ஜான் டெத்ரிட்ஜ் நாலு பேரும் சேர்ந்து 20-ல் பேரத்தை முடித்தார்கள். எல்லா நிலைகளையும் 5.58 கோடிச் சொச்சம் மூட்டையாகக் கட்டி, ஒவ்வொரு மூட்டையாகச் சரிபார்த்தார்கள். ஒரே கம்ப்யூட்டர் என்றால் 35 வருஷம் ஓடியிருக்கும். கூகுள் இயந்திரங்கள் சில வாரத்தில் முடித்துக் கொடுத்தன.

விடை கிடைத்தது. அதைப் போட்டியில் யாரும் பயன்படுத்துவதில்லை. மனுஷ மூளையால் அந்த இருபதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகள் இன்றும் ஐம்பது அறுபது அசைவில்தான் சேர்க்கிறார்கள். சரி, இத்தோடாவது விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. அந்தக் கணக்கில் அரைத்திருப்பை ஓர் அசைவாக எடுத்துக்கொண்டார்களே, அதை இரண்டாக எண்ணினால் எவ்வளவு வரும் என்று அடுத்த சந்தேகம் கிளம்பியது. ரோக்கிக்கியும் டேவிட்சனும் ஒஹாயோ சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தின் வாசலில் போய் நின்றார்கள். 2014-ல் அதற்கும் பதில் வந்தது. 26.