பதினேழு வளைவும் ஒரே முகமும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்துக்குள் கால் வைத்தால் முதலில் மூக்குதான் விழித்துக்கொள்ளும். வியாபாரிகள் முன்னால் சின்னத் தட்டுகளில் மாதிரிக் காய் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் ஒரு காயை எடுத்து நகத்தால் கிள்ளுவார். விதை கறுத்திருக்கிறதா, பச்சை வெளுத்திருக்கிறதா, எட்டு எம்.எம். சல்லடையில் நிற்குமா என்று பார்ப்பார். அவ்வளவுதான். மலையில் ஒரு வருஷம் பாடுபட்டவனின் தலையெழுத்து நிமிஷ நேரத்தில் திரையில் எண்ணாக ஓடி முடிந்துவிடும். 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அன்றைக்கும் தட்டு வந்தது, அன்றைக்கும் காயைக் கிள்ளினார்கள்.

தினமும் இப்படிக் கிள்ளுப்பட்டு வாழும் ஊர் எங்களுடையது. ஒரு நாளும் கிள்ளுப்படாமல் நாற்பது வருஷம் வாழ்ந்த ஒரு கார் கம்பெனியைப் புகழ எங்களைவிட யாருக்குத் தகுதி உண்டு?

இந்துஸ்தான் மோட்டார்ஸைச் சொல்கிறேன். 1942ல் பி.எம். பிர்லா குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய கம்பெனி. 1948ல் வங்காளத்தின் உத்தரபாராவுக்கு வந்தது. ரயில் நிலையத்துக்கே ஹிந்த்மோட்டார் என்று பெயர் விழும் அளவுக்கு அங்கே வேரூன்றியது. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்று ஓடிய வண்டியின் அச்சை வாங்கி, 1950களின் கடைசியில் அம்பாசிடர் என்று பெயர் வைத்துச் சாலைக்கு விட்டது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதைக் கார் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், பிளசர் என்பார்கள். கல்யாணத்துக்குப் பிளசர், பிரசவத்துக்குப் பிளசர், மதுரை பெரியாஸ்பத்திரிக்கும் பிளசர்.

அந்தக் கம்பெனியிடம் முதலில் போற்ற வேண்டியது அதன் நிலைத்த மனசு. மோரிஸ் ஆக்ஸ்போர்டைப் பெற்ற இங்கிலாந்துக்காரன் சில வருஷத்திலேயே அதைக் கைவிட்டுவிட்டான். உத்தரபாரா கைவிடவில்லை. மார்க் 2 வந்தது, மார்க் 3 வந்தது, மார்க் 4 வந்தது. முன்பக்கத்துக் கம்பி வலை மாறியது, விளக்கு மாறியது, முகம் மட்டும் மாறவில்லை. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் முப்பது வருஷத்துக்கும் மேல் அந்தப் பானட்டுக்குக் கீழே குடியிருந்தது. 1984ல் காண்டசா என்று புது வண்டி வந்தபோதுகூட, இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் கம்பெனி உடுத்திக் கழித்த சட்டையை வாங்கி, உள்ளே அதே பழைய இன்ஜினைத்தான் வைத்தார்கள். தாத்தா பழகிய வண்டியைப் பேரன் ஒரு பாடமும் புதிதாகப் படிக்காமல் ஓட்டலாம். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இவ்வளவு பத்திரமாக ஒரு பொருளைக் கொண்டுசேர்த்த ஆலை இந்த நாட்டில் வேறு இல்லை.

அடுத்து, அது வாடிக்கையாளருக்குக் கற்றுத்தந்த பொறுமை. பணத்தைக் கட்டி, பெயரைப் பதிந்து, வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். புது வண்டியின் விலையைவிட ஓடிய வண்டி அதிக விலைக்குப் போன காலம் அது. எங்கள் வியாபாரிகள் காய்க்கு அப்படி ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று குலசாமிக்கு வேண்டிக்கொள்வார்கள். கம்பெனிக்கு அந்த வரம் ஆண்டுக்கணக்கில் கிடைத்தது. வெளிநாட்டுக் காருக்குக் கதவு சாத்தியிருந்தது. உள்நாட்டில் புதிதாக இன்னொருவன் கார் செய்ய உரிமம் எளிதில் கிடைக்காது. கலெக்டர் வந்தாலும் மந்திரி வந்தாலும் வெள்ளை அம்பாசிடரில்தான் வந்தாக வேண்டும். வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது பொருளைத் திருத்த எந்த முதலாளிக்கு நேரம் இருக்கும்?

இப்போது நான் முழு மனசோடு புகழ வேண்டிய ஆட்களுக்கு வருகிறேன்.

போடியிலிருந்து முந்தல் தாண்டினால் மலை தொடங்கிவிடும். போடிமெட்டு போய்ச் சேரப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. அந்தக் காலத்து அம்பாசிடருக்கு கியர் கம்பி ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். முன்சீட்டும் ஒரே பலகை. அதனால் முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் பிள்ளைகள், டிக்கியில் மூட்டை. டிரைவரின் கால்மாட்டில் தண்ணீர் கேன். புலியூத்துக்கு மேலே வளைவு இறுகும்போது இன்ஜின் முனக ஆரம்பிக்கும். டிரைவர் வண்டியை ஓரங்கட்டுவார். பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் வைப்பார். பானட்டைத் தூக்கி, ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லத் திருகுவார். ஆவி புஸ்ஸென்று கிளம்பி அடங்கும். ஆள்கள் கீழே இறங்கிக் காற்று வாங்குவார்கள். கீழே போடி ஊர் தீப்பெட்டி அடுக்கினாற்போலத் தெரியும். கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். மறுபடி எல்லாரும் ஏறுவார்கள். கல்லை எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசியாக ஏறுகிறவன் ஓடிவந்து ஏற வேண்டும்.

எந்த வளைவில் எந்த கியர், எந்த மழைக்கு எந்தப் பக்கம் மண் சரியும், எந்தச் சத்தம் வந்தால் எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த மனிதர்களின் விரல் நுனியில் இருந்தது. ஸ்பேனர் இரண்டும் கொஞ்சம் கம்பியும் இருந்தால் எந்த ஊர் ஷெட்டிலும் அம்பாசிடரைப் பிரித்துப் பூட்டிவிடலாம். இதைக் காரின் பெருமையாகச் சொல்வார்கள். சரிதான், பெருமைதான். அந்தப் பெருமையில் பாதி பங்கு மெக்கானிக் ஷெட்டில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்த பையன்களுக்குப் போக வேண்டும். ஆலையின் ஆராய்ச்சிக்கூடம் செய்ய வேண்டிய வேலையைக் கிரீஸ் படிந்த அந்தக் கைகள் செய்தன. அதற்காக உத்தரபாராவிலிருந்து அவர்களுக்கு ஒரு கடுதாசியும் வந்ததில்லை.

கிள்ளுப்படாத இந்தச் சலுகை காருக்குத்தான். காய்க்குக் கிடையாது. வளைகுடாவில் எங்கள் ஏலக்காய் ஆண்ட சந்தைக்குள் குவாத்தமாலா காய் புகுந்தபோது அரபுக் கடைக்காரன் விலையைப் பார்த்தானே தவிர, எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மலை அதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. இடுக்கியில் ஒரு விவசாயி தன் தோட்டத்துச் செடிகளுக்குள்ளேயே தேடித் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் மலை முழுக்கப் பரவியது. விளைச்சல் பல மடங்கானது. கையில் மண்வெட்டியும் கண்ணில் கவனமும் மட்டும் வைத்திருந்த ஒரு ஆள் செய்த காரியம் அது. சந்தை அவரைக் கிள்ளியது, அதனால் அவர் செடியைப் பார்த்தார்.

அரசாங்கத்தையும் புகழாமல் விட முடியாது. நொடித்த ஆலையைத் திவாலாக விடுவதா, மக்கள் பணத்தைப் போட்டுத் தூக்குவதா என்று உலகம் எப்போதும் வாதாடும். 1977க்குப் பிறகு சஞ்சய் காந்தியின் மாருதி கம்பெனி ஒரு காரையும் ஒழுங்காக விற்காமல் கலைக்கப்பட்டது. 1980ல் அரசு அதைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. 1981ல் மாருதி உத்யோக் பிறந்தது. அதைத் தலைமையேற்று நடத்தியவர் தஞ்சைப் பக்கத்துக் கருவேலி ஊரில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. சுசுகியைக் கூட்டாளியாகச் சேர்த்த பிறகு, 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவி வாங்கியவர் கையில் போய்ச் சேர்ந்தது. அங்கே பணத்தோடு நிபந்தனையும் போனது: புதுத் தொழில்நுட்பம் வர வேண்டும், குறித்த தேதியில் வண்டி வர வேண்டும். அமெரிக்காவில் 2009ல் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் அதுதான் நடந்தது. ஜூன் 1 அன்று திவாலுக்கு மனுப் போட்டது, ஜூலை 10ல் வெளியே வந்தது. கிட்டத்தட்ட 5,000 கோடி டாலர் அரசுப் பணம் உள்ளே போயிருந்தது. அதற்கு முன்பே தலைவர் நாற்காலியை விட்டு எழ வேண்டியிருந்தது. திவாலும் உதவியும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரமாகப் போயின.

உத்தரபாராவுக்கு நம் அரசுகள் காட்டிய அன்பு அதைவிடப் பெரிது. அதில் நிபந்தனையே கிடையாது. யாரும் அதை உதவி என்று பெயர் சொல்லிக் கொடுக்கவில்லை. கதவைச் சாத்தி வைத்தது உதவி, உரிமத்தை மற்றவனுக்கு மறுத்தது உதவி, ஆபீஸுக்கு ஆபீஸ் ஆர்டர் கொடுத்தது உதவி. பட்ஜெட்டில் ஒரு வரியும் எழுதாமல் நாற்பது வருஷம் நடந்த நிவாரணம் அது. அதற்கான செலவை எழுதாத கணக்கில் கட்டியவர்கள், வரிசையில் காத்திருந்தவர்களும் மலைமேல் கல் வைத்துத் தண்ணீர் ஊற்றியவர்களும். பின்னால் மேற்கு வங்க அரசு ஆலையின் உபரி நிலத்தில் 300 ஏக்கருக்கு மேல் விற்றுக்கொள்ளவும் அனுமதித்தது. ஆலையைத் தூக்கி நிறுத்தத்தான் அந்த அனுமதி. நிலம் போனது, ஆலை நிமிரவில்லை.

1980களின் நடுவில் வருஷத்துக்கு 24,000 வண்டி விற்ற அம்பாசிடர், 2013-14ல் 2,200 வண்டி அளவில் நின்றது. இடையில் மாருதி வளர்ந்தது, பின்னாலேயே கொரியாக்காரனும் ஜப்பான்காரனும் வந்தார்கள். சந்தை முதல் முறையாகத் தட்டை நீட்டிக் காயைக் கிள்ளிப் பார்த்தது.

2014 மே 24 அன்று உத்தரபாரா ஆலை வாசலில் ஒட்டிய அறிவிப்பின் மனம் திறந்த பேச்சையும் பாராட்ட வேண்டும். உற்பத்தித் திறன் மிகக் குறைவு, ஒழுங்கீனம் பெருகிவிட்டது, கையில் பணம் இல்லை, அம்பாசிடரைக் கேட்பாரில்லை, கடன் குவிந்துவிட்டது என்று காரணங்களை வரிசையாகச் சொன்னது கம்பெனி. அரை நூற்றாண்டாகத் தான் எடுத்த முடிவுகள் எவையும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அந்த அறிவிப்பு ஆலையை மூடுகிறோம் என்றும் சொல்லவில்லை, வேலை நிறுத்திவைப்பு என்றுதான் சொன்னது. சட்டப்படி ஒரு பெரிய ஆலையை மூட அரசின் அனுமதி வேண்டும், தொழிலாளிக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். நிறுத்திவைத்தால் ஆலை உயிரோடு இருப்பதாகவே கணக்கு. காலை ஷிப்டுக்கு டிபன் பாக்ஸோடு வந்த தொழிலாளிகள் வாசலில் நின்று அந்தத் தாளைப் படித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். வேலை போனது என்று அழவும் முடியாது, வேலை இருக்கிறது என்று அடுப்பு மூட்டவும் முடியாது. இருபத்தைந்து வருஷம் ஒரே காரின் ஒரே கதவைப் பூட்டிப் பழகிய கை, ஐம்பது வயதில் வேறு எந்தக் கதவைத் தட்டும்?

ஏலத்தில் எங்கள் காய் விலை சரியும் நாளில், தேவாரத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பில் அடைபட்டு மலையேறும் பெண்களுக்குத்தான் அடி முதலில் விழும். காய் எடுப்புக்கு ஆள் வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிடுவார். அதனால் உத்தரபாரா வாசலில் நின்றவர்களின் முகம் எங்களுக்குத் தெரியாத முகம் இல்லை. முதலாளியின் பிடிவாதத்துக்கும் அரசின் கரிசனத்துக்கும் சேர்த்து விலை கொடுத்த முகம் அது. காரை நேசித்து, அதன் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லத் தெரிந்த டிரைவர்களும் அந்த விலையில் ஒரு பங்கு கொடுத்தார்கள். போடி ஸ்டாண்டில் ஒவ்வொரு பிளசராகக் கழன்று இரும்புக் கடைக்குப் போனது.

2017ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸ் நாட்டுப் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தொழிலாளி பாக்கியையும் கடன்காரர் பாக்கியையும் தீர்க்க அந்தப் பணம் உதவும் என்று கம்பெனி தரப்பில் சொன்னார்கள். பிர்லா குழுமத்தோடு பிரான்ஸ்காரர்கள் சேர்ந்ததில், நம் திருவள்ளூர் ஆலையில் சிட்ரன் கார்கள் தயாராகத் தொடங்கின. அவற்றின் முகத்துக்கும் அந்தப் பழைய முகத்துக்கும் எந்த உறவும் இல்லை.

பெயரை விற்ற நாளிலிருந்து இன்றுவரை அம்பாசிடர் என்ற பெயரில் ஒரு கார்கூட ஆலையை விட்டு வெளியே வரவில்லை.